பழைய போன்களில் பத்தாம் வகுப்புக் கேள்விகள்: தேவனாம்பட்டினத்தில் செய்து பார்த்தது

பத்தாம் வகுப்பு அறிவியல் பொதுத்தேர்வில் எழுத்துத் தாள் 75 மதிப்பெண்ணுக்கு. அதில் 12 கேள்விகள் ஒரு மதிப்பெண். இரண்டு மதிப்பெண் கேள்விகளில் 7 எழுத வேண்டும். இந்த 26 மதிப்பெண்ணுக்குப் பெரிய விளக்கம் எதுவும் தேவையில்லை. ஒரு பெயர், ஓர் எண், இரண்டு வரியில் ஒரு வரையறை, அவ்வளவுதான். ஆனாலும் எங்கள் மாலை நேர மையத்துக்கு வரும் பிள்ளைகள் அதிகம் கோட்டை விடுவது இங்கேதான். “படிச்சேன் அண்ணா, பேப்பரப் பார்த்ததும் வரல” என்பார்கள். அவர்கள் சொல்வது உண்மை. ஜூலையில் படித்தது மார்ச் வரை தானாக நிற்காது. நடுவில் யாராவது அதைத் திரும்பத் திரும்பக் கேட்டிருக்க வேண்டும். நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஓர் ஆசிரியரால் ஒவ்வொருவரிடமும் அவரவர் மறந்ததைப் பார்த்துக் கேட்க முடியாது. அந்த ஒரு வேலையைப் பழைய செல்போன்களிடம் கொடுத்தோம். எப்படிச் செய்தோம், எங்கே தடங்கியது, எதை மாற்றினோம் என்பதையெல்லாம் இங்கே எழுதுகிறேன்.

மையம் இருப்பது கடலூர் தேவனாம்பட்டினத்தில். வருபவர்களில் பாதிக்கு மேல் மீனவ வீட்டுப் பிள்ளைகள். சிலருக்கு அப்பா சிப்காட்டில் ஒப்பந்த வேலை. வீட்டில் போன் உண்டு. ஆனால் அது அப்பாவோடு கடலுக்குப் போய்விடும், இல்லையென்றால் அம்மாவோடு விடியற்காலையில் முதுநகர் துறைமுகத்துக்குப் போய்விடும். இரவு அது வீடு திரும்பும்போது சார்ஜும் இருக்காது, அன்றைய டேட்டாவும் தீர்ந்திருக்கும். எனவே போன் மையத்திலேயே இருக்க வேண்டும், நெட் இல்லாமல் வேலை செய்ய வேண்டும் என்ற இரண்டையும் முதலிலேயே முடிவு செய்துகொண்டோம்.

வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை. கல்வித் தொலைக்காட்சி 2019 முதல் இருக்கிறது. பாடநூலில் அச்சிட்ட க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்தால் பாடம் தொடர்பான காணொளியும் வருகிறது. புரியாத பாடத்தைப் புரிந்துகொள்ள இரண்டும் நல்ல துணை, நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனால் பார்ப்பது வேறு, தலைக்குள்ளிருந்து விடையை வெளியே எடுப்பது வேறு. 2006இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை படித்தது. இன்னொரு குழு ஒரே முறை படித்துவிட்டு, மூன்று முறை புத்தகத்தைப் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது நான்கு முறை படித்தவர்களே முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ். படித்தவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 விழுக்காடு, எழுதிப் பார்த்தவர்களுக்கு சுமார் 61. தேர்வுக்கு முந்தின இரவு புத்தகத்தைப் புரட்டும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருப்பதும், ஹாலில் உட்கார்ந்ததும் கைவிடுவதும் ஏன் என்று இந்த ஒரு சோதனையே சொல்லிவிடுகிறது.

எப்போது திரும்பக் கேட்பது என்பது அடுத்த சிக்கல். 1885இலேயே எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், மறதி முதலில் வேகமாகவும் பிறகு மெதுவாகவும் நடக்கிறது என்று தன்னையே வைத்துச் சோதித்து எழுதினார். கேள்வியை இன்று கேட்டு, மூன்று நாள் கழித்து, பத்து நாள் கழித்து, அப்புறம் ஒரு மாதம் கழித்து என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போனால் குறைந்த நேரத்தில் நிறைய நிற்கும். தப்பாகச் சொன்ன கேள்வி மட்டும் மறுபடி முதல் நாளுக்கு வரும். இந்தக் கணக்கை ஆயிரம் கேள்விகளுக்குத் தாளில் வைத்துக்கொள்ள முடியாது. ஆன்கி என்ற மென்பொருள் அதைத்தான் செய்கிறது. 2006 முதல் இருக்கிறது, மூலநிரல் திறந்தது. ஆண்ட்ராய்டில் அதன் பெயர் ஆன்கிட்ராய்ட். இலவசம், விளம்பரம் இல்லை, ஒருமுறை நிறுவினால் நெட்டே வேண்டாம். இங்கே தேர்வு எழுதும் ஒவ்வொரு பிள்ளைக்கும் இது போய்ச் சேர வேண்டும் என்று நான் நினைக்கிறேன்.

போன்கள் தெரிந்தவர்கள் வீட்டு மேஜை இழுப்பறைகளிலிருந்து வந்தவை. கேட்டால் கொடுக்கத் தயாராகத்தான் இருக்கிறார்கள். கொடுப்பவர்களிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள்: போனை ரீசெட் செய்வதற்கு முன் செட்டிங்ஸில் போய் அவர்களுடைய கூகுள் கணக்கை நீக்க வேண்டும். ஆண்ட்ராய்ட் 5.1க்குப் பிறகு வந்த போன்களில், கணக்கை நீக்காமல் ரெக்கவரி வழியாக அழித்தால் மறுபடி திறக்கும்போது பழைய கணக்கின் பாஸ்வேர்டைக் கேட்கும். திருட்டைத் தடுக்க வந்த பூட்டு அது. பாஸ்வேர்டு மறந்துபோனவரின் போன், நன்றாக ஓடுகிற நிலையிலும் நமக்குப் பயன்படாது. சிம், மெமரி கார்டு, படங்கள் எல்லாவற்றையும் அவர்கள் கையாலேயே எடுத்துவிட்டுக் கொடுக்கச் சொல்வதே நல்லது.

இந்த ஊரில் பழைய போனின் முதல் எதிரி உப்புக் காற்று. சார்ஜ் ஏறாத போன்களில் பெரும்பாலானவற்றுக்கு உள்ளே ஒன்றும் கெட்டிருக்கவில்லை. சார்ஜிங் துளையில் பஞ்சும் மணலும் அடைத்து, பின்களில் பச்சை பூத்திருந்தது. போனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் பஞ்சை மெதுவாகக் கிளறி எடுத்து, மென்மையான டூத் பிரஷ்ஷை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் தொட்டுத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டால் பாதி போன்கள் எழுந்துவிடும். ஊசி, சேஃப்டி பின் வேண்டாம், பின்கள் வளைந்துவிடும். துளையே ஆடினால் லாரன்ஸ் ரோடு சர்வீஸ் கடைகளில் மாற்றிக் கொடுக்கிறார்கள்.

பேட்டரியில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பின்மூடி எழும்பியிருந்தாலோ, மேஜையில் வைத்தால் போன் சுழன்றாலோ உள்ளே பேட்டரி உப்பியிருக்கிறது என்று பொருள். மின்பகுபொருள் சிதைந்து உண்டாகும் வாயு அது. அதை அழுத்துவதோ குத்துவதோ, “இன்னும் கொஞ்ச நாள் ஓடும்” என்று சார்ஜில் போடுவதோ கூடாது. பிள்ளைகள் கையில் கொடுக்கும் பொருள். அப்படிப்பட்டவற்றைத் தனியாக மணல் நிரப்பிய தகர டப்பாவில் வைத்து மின்கழிவு எடுப்பவர்களிடம் சேர்த்தோம். கழற்றக்கூடிய பேட்டரி உள்ள மாடலுக்குப் புதிது வாங்கிப் போட்டோம், மற்றதை விட்டுவிட்டோம்.

சரி, இனி சீட்டுகள். இந்த வேலையின் உயிர் இதில்தான் இருக்கிறது, போனில் இல்லை.

ஆன்கியில் ஒரு சீட்டுக்கு முன்பக்கம் கேள்வி, பின்பக்கம் விடை. பிள்ளை மனதுக்குள் விடையைச் சொல்லிவிட்டுத் திருப்பிப் பார்க்க வேண்டும். பிறகு தெரியவில்லை, கடினம், சரி, எளிது என்ற நான்கில் ஒன்றைத் தொட வேண்டும். அதை வைத்துத்தான் அடுத்து எப்போது கேட்பது என்று செயலி முடிவு செய்கிறது. முதலில் பாடத்தின் கடைசியில் வரும் புக் பேக் ஒரு மதிப்பெண் வினாக்களை நான்கு விடைத் தெரிவுகளோடு அப்படியே ஏற்றினோம். பிள்ளைகள் இரண்டாவது வாரத்திலேயே கேள்வியைப் படிக்காமல் ‘இ’ என்று சொல்ல ஆரம்பித்தார்கள். விடை இருக்கும் இடம் மனப்பாடம் ஆகியிருந்தது, விடை ஆகவில்லை. அதனால் விடைத் தெரிவுகளை எடுத்துவிட்டு வெறும் கேள்வியாக மாற்றினோம். தெரிந்தால் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் தெரியவில்லை என்று தொட வேண்டும்.

அடுத்தது, ஒரு சீட்டில் ஒரே விஷயம். ‘ஜிப்ரலினின் வாழ்வியல் விளைவுகள் யாவை?’ என்று ஒரு சீட்டு போட்டால் அதற்கு நான்கைந்து விடை. மூன்றைச் சொல்லிவிட்டு இரண்டை மறந்த பிள்ளை எதைத் தொடும்? அதையே உடைத்துப் போட்டோம். உருளைக்கிழங்குக் கிழங்கின் உறக்கத்தை நீக்கும் ஹார்மோன் எது? விதையில்லாக் கனியைத் தூண்டும் ஹார்மோன்களில் ஆக்சின் ஒன்று, இன்னொன்று? கனி பழுக்கக் காரணமானது? இலை முதிர்வதைத் தாமதப்படுத்துவது? இப்படிக் கேட்கும்போது ஜிப்ரலினும் எத்திலீனும் சைட்டோகைனினும் ஒன்றோடொன்று குழம்புவது தானாகவே தெளிகிறது. இரத்தம் உறிஞ்சும் அட்டையின் உடல் கண்டங்கள் 33 என்பது மாதிரி எண் விடைகளுக்கு எந்தச் சிக்கலும் இல்லை.

படங்களுக்கு இன்னும் நல்ல வழி இருக்கிறது. ஒரு படத்தை ஏற்றி, அதிலுள்ள பெயர்களை ஒவ்வொன்றாகக் கட்டம் போட்டு மறைத்துக் கேள்வியாக்கலாம். மனித இதயம், ஒருவித்திலை வேர்க் குறுக்குவெட்டு, சமூக அறிவியல் வரைபடம் எல்லாவற்றையும் இப்படிச் செய்தோம். இந்திய வரைபடத்தில் ஆறும் மலையும் துறைமுகமும் கேட்கப்படும் கேள்விக்கு இதைவிட நல்ல பயிற்சி எனக்குத் தெரியாது. மாதிரி வரைபடத்தில் இடத்தைச் சொல்லிவிட்டு உடனே தாளில் குறிக்கவும் சொன்னோம். தேர்வில் எழுதப்போவது விரல்தானே.

கணிதத்துக்கு விடையைக் கேட்டுப் பயனில்லை. ஒரே கணக்கை மூன்றாம் முறை பார்க்கும்போது விடை எண் மட்டும் நினைவில் இருக்கும். அதற்குப் பதில் முன்பக்கத்தில் முழுக் கணக்கும், கீழே “முதல் படி என்ன?” என்ற கேள்வியும் வைத்தோம். பின்பக்கத்தில் ‘சாயுயரம் தரப்படவில்லை, முதலில் அதைக் கண்டுபிடி’ என்று ஒரே வரி. இதைச் செய்ய ஆரம்பித்த பிறகுதான் ஐந்து மதிப்பெண் கணக்குகளைத் தொடாமலே விட்டுவந்த சில பிள்ளைகள் எழுதத் தொடங்கினார்கள். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல்தான் அவர்கள் விட்டுவந்திருக்கிறார்கள். நாங்கள் போட்ட சீட்டுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தவை இவைதான்.

சீட்டுகளை யார் போடுவது? பாடநூல் பி.டி.எஃப்.பிலிருந்து நகலெடுத்து ஒட்டலாம் என்று பார்த்தால் பல பக்கங்களில் தமிழ் எழுத்து அர்த்தமில்லாத குறிகளாக வருகிறது. அச்சுக்கான எழுத்துருவில் இருப்பதால் யூனிகோடாக மாறுவதில்லை. எனவே தட்டச்சுதான். அதைப் பிள்ளைகளிடமே கொடுத்தோம், அதுவே பெரிய லாபமாக முடிந்தது. பாடத்தைப் பிரித்துக்கொண்டு, ஆளுக்குச் சில பக்கங்கள் எடுத்து, “இதிலிருந்து என்ன கேட்கலாம்?” என்று யோசித்து நோட்டில் கேள்வி எழுதினார்கள். இன்னொருவர் புத்தகத்தோடு வைத்துத் திருத்துவார். பிறகு என் போனில் குரல்வழித் தட்டச்சில் வாசித்தார்கள். ‘சைட்டோகைனின்’ மாதிரிச் சொற்களை அது கேட்டபடியெல்லாம் எழுதும், அவற்றை மட்டும் கையால் திருத்தினோம். கேள்வி உண்டாக்கிய பாடத்தை அந்தப் பிள்ளைகள் படிக்க வேண்டியதே இல்லாத அளவுக்கு அது பதிந்துவிட்டது.

கணினியில் எக்செல் மாதிரி விரிதாளில் முதல் பத்தியில் கேள்வி, இரண்டாவதில் விடை. சேமிக்கும்போது இரண்டைக் கவனியுங்கள். பத்திகளுக்கு நடுவே காற்புள்ளி வேண்டாம், டேப் வையுங்கள். நம் விடைகளுக்குள்ளேயே காற்புள்ளி வரும், வரி தப்பான இடத்தில் உடையும். இரண்டாவது, எழுத்துமுறை யூ.டி.எஃப்-8ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் தமிழ் முழுக்கக் கேள்விக்குறியாக மாறி வரும். அந்தக் கோப்பைக் கணினியிலுள்ள ஆன்கியில் இறக்கி, ஒரே சீட்டுக் கட்டாக ஏற்றுமதி செய்து, மெமரி கார்டில் ஒவ்வொரு போனுக்கும் போட்டோம்.

பிள்ளைகளைவிடப் போன் குறைவு. ஒரே போனில் மூன்று பேர் படித்தால் யாருக்கு எது மறந்தது என்ற கணக்கு கலந்துவிடும், அப்புறம் இந்த ஏற்பாட்டுக்கே அர்த்தமில்லை. ஆன்கிட்ராய்டில் ஆளுக்கொரு கணக்கு வைக்கும் வசதியைத் தேடி அலைய வேண்டாம். அதை உருவாக்குபவர்களே ‘பேரலல்’ என்ற பெயரில் ஏ, பி, சி என்று தனித்தனி ஏ.பி.கே. கோப்புகளை, அதாவது செயலியை நிறுவும் கோப்புகளை, வெளியிடுகிறார்கள். மூன்றையும் ஒரே போனில் நிறுவலாம். ஒவ்வொன்றும் தன் சீட்டுகளையும் தன் தேதிகளையும் தனியே வைத்துக்கொள்ளும். போனின் பின்புறம் ஒரு வெள்ளை ஸ்டிக்கரில் ஏ யார், பி யார், சி யார் என்று எழுதி ஒட்டினோம்.

அமைப்புகளில் மாற்றியது கொஞ்சம்தான். ஒரு நாளைக்குப் புதிய சீட்டு 20 என்று இருந்ததைப் பத்தாகக் குறைத்தோம். புதியதை நிறையத் திறந்துவிட்டால் இரண்டே வாரத்தில் திருப்புதல் மலைபோல் குவிந்து பிள்ளைகள் சலித்துப்போவார்கள். அதிகபட்ச இடைவெளியை ஒரு மாதத்துக்கு மேல் போகாமல் வைத்தோம். இல்லாவிட்டால் ஜனவரியில் சரியாகச் சொன்ன கேள்வி தேர்வு முடிந்த பிறகு மே மாதத்தில் வந்து நிற்கும். முதல் திருப்புதல் தேர்வு தொடங்கியதும் புதிய சீட்டுகளைப் பூஜ்யமாக்கிவிட்டோம்.

ஒரு கோளாறு நன்றாகச் சோதித்துவிட்டது. சில பிள்ளைகளுக்குத் திடீரென்று “இன்றைக்கு ஒன்றும் இல்லை” என்று காட்டியது, வேறு சிலருக்கு எல்லாச் சீட்டும் ஒரே நாளில் கொட்டியது. காரணம், தேதி. சிம்மும் நெட்டும் இல்லாத பழைய போனில் பேட்டரி முழுதாக இறங்கினால் கடிகாரம் பல வருடம் பின்னால் போய்விடும். ஆன்கியின் முழுக் கணக்கும் போனின் தேதியை நம்பித்தான் ஓடுகிறது. தீர்வு எளிது. செயலியைத் திறப்பதற்கு முன் போனின் தேதியைப் பார்த்து, தப்பாக இருந்தால் திருத்திவிட்டுத் திறக்க வேண்டும். இந்தப் பொறுப்பை வாரம் ஒருவர் எடுத்துக்கொண்டார். தப்பான தேதியில் ஏற்கெனவே படித்துவிட்டிருந்தால் பழைய காப்புப் பிரதியை மீட்பதே சுலபம். ஆன்கிட்ராய்ட் தானாகவே காப்புகள் எடுத்து வைக்கிறது. நாங்கள் வாராவாரம் மடிக்கணினியிலும் ஒன்று வைத்தோம்.

அந்த மடிக்கணினிப் பிரதியின் அருமை 2024 நவம்பர் கடைசியில் தெரிந்தது. 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அடுத்து சாத்தனூர் அணையின் தண்ணீரும் சேர்ந்து தென்பெண்ணையில் வெள்ளம் வந்தது. கடலூரில் பள்ளிகள் மூடிக் கிடந்தன. சில வீடுகளில் நோட்டும் கைடும் நனைந்து கூழாகிவிட்டன. மின்சாரம் வரும்வரை பவர் பேங்கில் ஓட்டினோம். ஏரோப்ளேன் மோடில், வெளிச்சத்தைக் குறைத்து வைத்தால் பழைய போன்கூட ஒரு மாலை முழுக்கத் தாங்கும். அரையாண்டுக்கு முன்பான அந்த நாட்களில் படிப்பு முழுக்க நின்றுபோகாமல் இருந்ததற்கு நெட் தேவையில்லாத ஏற்பாடுதான் காரணம்.

பெற்றோரின் கவலை நியாயமானது. ஒரு மாணவியின் அம்மா முதல் வாரமே வந்து, “தம்பி, போனக் கண்ணுல காட்டாதீங்க, அப்புறம் வீட்ல என் போனப் புடுங்கிக்கும்” என்றார். “அக்கா, ஒரு நிமிஷம் உட்காந்து பாருங்க” என்று அவர் மகளையே செய்துகாட்டச் சொன்னோம். மகள் சொல்லச் சொல்ல, பின்பக்கத்தைத் திருப்பிச் சரியா தப்பா என்று அவரே தொட்டார். போன்களில் வேறு எந்தச் செயலியும் வைக்கவில்லை. ஆண்ட்ராய்டில் திரையை ஒரே செயலியிலேயே நிறுத்திப் பூட்டும் ‘ஸ்க்ரீன் பின்னிங்’ வசதி இருக்கிறது, கடவு எண் கேட்கும்படி வைத்துவிட்டால் அது இல்லாமல் வெளியே போக முடியாது. ஒருவருக்கு இருபது நிமிடம், அதற்கு மேல் கிடையாது. போன் மையத்தை விட்டு வெளியே போகாது.

மீதி நேரம் முழுக்கப் பேனாவும் தாளும்தான். பொதுத்தேர்வில் மூன்று மணி நேரம் கை எழுத வேண்டும், அந்தப் பழக்கத்தைத் திரை தராது. அதிலும் போன் இரண்டு இடங்களில் உதவியது. தமிழ் மனப்பாடப் பாடலையும் குறளையும் ரெக்கார்டரில் பார்க்காமல் சொல்லிவிட்டு, புத்தகத்தை விரித்து வைத்துத் தன் குரலையே கேட்கச் சொன்னோம். விட்ட சீர் உடனே காதில் விழுகிறது. நெடுவினாவுக்கு எழுதிய விடைத்தாளைப் படமெடுத்து, ஒரு வாரம் கழித்து அந்தப் பிள்ளையிடமே கொடுத்துப் பாடநூலோடு ஒப்பிட்டு மதிப்பெண் போடச் சொன்னோம். நாங்கள் போடுவதைவிடக் கறாராகவே போட்டார்கள்.

வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளுக்காகச் சீட்டைச் செயலியே படித்துச் சொல்லும்படி வைத்திருக்கிறோம். ஆண்ட்ராய்டின் தமிழ்க் குரலை ஒருமுறை இறக்கி வைத்தால் நெட் இல்லாமலும் பேசும். எண்களும் வேதியியல் சமன்பாடுகளும் வரும் இடத்தில் இன்னும் சரியாக வரவில்லை, அவற்றை எழுத்தால் எழுதி மாற்றிக்கொண்டிருக்கிறோம். சமூக அறிவியல் குடிமையியல் பகுதிக்குச் சீட்டு போடும் வேலை பாக்கி. தேர்வு முடித்தவர்களில் சிலர் லீவில் வந்து அதைச் செய்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். கோடையில் போன்களைப் பாதி சார்ஜில் அணைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடி இறுகும் டப்பாவில் வைக்கிறோம், மாதம் ஒருமுறை எடுத்துச் சார்ஜ் பார்க்க வேண்டும். ஜூனில் திறந்ததும் முதல் வேலை தேதியைத் திருத்துவது, இரண்டாவது வேலை முந்தைய வருடத்துப் பிள்ளைகளின் கணக்கை அழித்துவிட்டுக் கட்டைப் புதிதாக ஏற்றுவது.